மறதிக்கு நான் தந்த மன்னிப்பு

இந்த அறையின் மின்விசிறி கடகடக்கிறது, ஐயா. பெரிய கோளாறு ஒன்றும் இருக்காது. மேலே கொக்கியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும். காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தே பிழைத்தவன் நான். சத்தத்தைக் கேட்டாலே எங்கே வலி என்று தெரிந்துவிடும். விலங்கை அவிழ்த்துவிட்டால் இப்போதே சரிசெய்து தருவேன். வேண்டாமா? சரி, அப்படியே ஓடட்டும்.

மறதியைப் பற்றித்தானே கேட்டீர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஒரு நாள் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் அதே செருப்போடு வந்து தன் செருப்பைக் காணவில்லை என்று தேடினான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவன் மறதிதான். கூப்பிட்டால் கோபப்பட மாட்டான். என்னோடுதான் வேலை செய்தான். கை சுத்தம், வாய் சுத்தம். எங்கள் சபையிலேயே அவனைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். ஒரு பழைய அலுவலகக் கட்டடம். கையால் இழுத்துத் திறக்கும் கதவுள்ள லிஃப்ட். பெட்டி அந்த மாடியில் வந்து நின்றால் ஒழியக் கதவு திறக்காது. அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. பழுது பார்க்கும்போது அந்தப் பூட்டை ஒரு கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டு வேலை செய்வோம். முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். அன்று நான்காவது மாடியில் கம்பி அவிழ்க்கப்படவில்லை. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியின் தம்பி, எங்களைத் தேடிக்கொண்டு அந்த மாடிக்கு வந்து, கதவைத் திறந்து, பெட்டி இருக்கிறது என்ற நினைப்பில் காலை வைத்துவிட்டான்.

அவன் என் மனைவிக்குத் தம்பி என்று சும்மா பேச்சுக்குத்தான் சொல்லலாம். தாய் இல்லாத பிள்ளையைத் தோளிலும் மார்பிலும் போட்டு வளர்த்தவள் அவள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் இவள் பட்டினி கிடப்பாள். அவனைப் பறிகொடுத்தவள், அதற்குக் காரணமானவனோடு ஒரே கூரையின் கீழ் ஒரு வேளைகூட இருந்திருக்க மாட்டாள். கம்பியைக் கட்டியவன் நான். அவிழ்க்க மறந்தவனும் நான்.

இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. மனித மறதி. ஆனால் அந்தப் பெயர் வேறொருவனுக்கு ஏற்கெனவே இருந்தது.

நான் யார் மேலும் பழி போடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அடக்க ஆராதனை முடிந்து, மண் போடும் நேரம். யார் செய்தது, எப்படி நடந்தது என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மறதியைக் கட்டிக்கொண்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி, “தம்பி, நான் உன்னை மன்னிச்சிட்டேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே” என்றேன். அவ்வளவுதான். அவன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு என் மனைவியைப் பார்த்தான். என் தோளில் முகத்தை வைத்து அழுதான். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். குற்றவாளி யார் என்று அதற்குப் பிறகு ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

என் மனைவிதான் பாவம். அவனை மன்னிக்க அவள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சோறு இறங்காது. ஜெபிக்க முழங்கால் போட்டால் எழுந்திருக்க மாட்டாள். ஒரு நாள் தானாகவே அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு உங்க மேல கோபம் இல்ல” என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து என் மடியில் படுத்துக் கதறினாள். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னிடம் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

வழக்கு வந்தது. மறதி ஒன்றையும் மறுக்கவில்லை. நீதிமன்றத்திலும் நான் மன்னித்ததாகவே சொன்னேன். நீதிபதி என்னைப் பாராட்டி, அவன் தண்டனையைக் குறைத்தார். அவன் வெளியே வந்த அன்று சிறை வாசலில் போய் நின்று, திரும்ப என்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். ஊரே மூக்கில் விரலை வைத்தது.

பிறகு சாட்சி சொல்லக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் எங்கள் சபை, பிறகு பக்கத்துச் சபைகள். நான் மேடையில் பேசுவேன்; மறதி பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். ‘இதோ, என் வீட்டு விளக்கை அணைத்தவன். இன்று எனக்குச் சகோதரன்’ என்று அவன் தோளில் கை வைப்பேன். அந்த இடத்தில் ஜனங்கள் விம்முவார்கள். பல குடும்பங்கள் அதைக் கேட்டு ஒன்று சேர்ந்திருக்கின்றன. பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் பேசியிருக்கிறார்கள். இவ்வளவு நன்மை எங்கிருந்து வந்தது? குற்றமில்லாதவர் ஒருவர் மற்றவர்களுக்காகச் சுமந்தார் என்பதுதானே நம் விசுவாசத்துக்கே அடித்தளம். மறதி சுமந்தான், என் வீடு பிழைத்தது. அது தேவ சித்தம் என்றே எனக்குப் பட்டது.

அவனுக்கு ஒரு பெண் குழந்தை. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவளைக் கொலைகாரன் மகள் என்றார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, யாரும் சொல்லாமலே எங்கள் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையோடு என் மனைவியின் முன்னால் வந்து நின்றாள்.

“பெரியம்மா, எங்கப்பா செஞ்சதுக்கு என்னையும் மன்னிப்பீங்களா?”

என் மனைவி அவளை அள்ளிக் கட்டிக்கொண்டாள். மறதி எழுந்து வெளியே போய்விட்டான். அடுத்த சாட்சியில் இதையும் சேர்த்துச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் நாங்கள் ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவன் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேசினான்.

“அண்ணே, என்னோட போகட்டும்னு இருந்தேன். பாப்பா வரைக்கும் போகக் கூடாதுண்ணே.”

“எது?”

“அன்னிக்கு அக்கா தம்பி விழுந்தப்புறம் ஓடிப்போய் அந்தக் கம்பிய அவுத்தது நான்தான். கையால தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு. நான் இடது கைக்காரன். நான் முறுக்குனா அது எதிர்ப்பக்கமா போகும். அது நீங்க முறுக்குனது.”

மோட்டார் ஓடி நின்றது. அப்புறம் கேட்டேன், “அப்ப ஏன் இவ்வளவு நாளா சொல்லல?”

“அக்கா தம்பியப் பறிகொடுத்துட்டு நின்னாங்க. உங்களையும் பறிகொடுக்க வேணாம்னு பட்டுச்சு. நீங்க வேணும்னா செஞ்சீங்க? நான் உங்கள அன்னிக்கே மன்னிச்சிட்டேண்ணே. இப்ப நீங்களா அக்காகிட்ட சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்.”

அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேடினான். கண்ணாடி அவன் தலையிலேயே இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அசடு வழியச் சிரித்தான்.

பயந்துபோய்ச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. அவன் சொல்ல மாட்டான் என்றால் சொல்ல மாட்டான். அது எனக்கு நன்றாகவே தெரியும். என்னைக் குடைந்தது வேறு. மேடைகளில் அவன் தலையைக் குனிந்து நின்றதெல்லாம் வெட்கத்தால் என்று நினைத்திருந்தேன். அதையும் அன்று கேட்டேன். எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தானாம். நான் ஆயிரம் பேர் முன்னால் அவனை மன்னித்துக்கொண்டிருந்தபோது, அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, ஓசைப்படாமல், என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறான். என் தோளில் அழுதானே, அது யாருக்காக அழுதது என்று யோசித்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் கூசியது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான், மறைப்பானேன்.

தவிர, அவன் கேட்டதில் நியாயமும் இல்லை. சுமக்கிறேன் என்று தோளில் ஏற்றியவன் பாதி வழியில் இறக்கி வைக்கலாமா? நாம் கும்பிடுகிறவர் இறக்கி வைத்தாரா? கடைசி வரை சுமந்தால்தானே அதற்குப் பேர் பலி.

சில நாள் கழித்து ஒரு துணிக்கடையில் வேலை. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியைச் சுத்தம் செய்ய மறதி இறங்கினான். கீழே ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டால் பெட்டி நகராது. ஆள் பயமில்லாமல் வேலை செய்யலாம். ஆனால் மேலே மோட்டார் அறையில் நிற்கிறவனுக்கு அந்தச் சுவிட்சையும் மீறிப் பெட்டியை இறக்க வழி தெரியும். எனக்குத் தெரியும். இறக்கினேன். பட்டப்பகல், கடையில் ஆட்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து “அண்ணே” என்று ஒரு குரல் வந்தது. அலறல் இல்லை. நான் எதையோ மறந்துவிட்டேன் என்று ஞாபகப்படுத்துகிற மாதிரி இருந்தது. நான் பெட்டியைக் கடைசி வரை இறக்கினேன்.

சுவிட்சை அமுக்க மறந்துவிட்டான் பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் மனைவிகூட அதை நம்பினாள். அடக்க ஆராதனையில் போதகர் என்னையே பேசச் சொன்னார். பேசினேன். பாப்பா முன் வரிசையில் என் மனைவியின் மடியில் இருந்தாள்.

நான்காம் நாள் நீங்கள் வீட்டுக்கு வந்து, குழியில் அந்தச் சிவப்பு சுவிட்ச் அமுக்கியபடியே இருந்தது என்றீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழ்நாளில் அவன் மறக்காத ஒன்று அது. கீழே போய் அதை வெளியே இழுத்து வைத்திருக்க வேண்டியவன் நான். மறந்துவிட்டேன்.

என் மனைவிக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று கேட்டேன். காலையிலேயே சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். நேற்று நான் வாயால் ஒப்புக்கொண்ட இரண்டு சாவையும் சொன்னீர்களாம். மறதியின் வீட்டுக்குப் போய்விட்டாள், பாப்பாவோடுதான் இருக்கிறாள், இங்கே வரமாட்டாள் என்றீர்கள். அவளுக்கு மன்னிக்கத் தெரியும், ஐயா. கொஞ்ச நாள் ஆகும். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

கம்பியைக் கட்டியது நான். மறதியைக் கொன்றதும் நான், தெரிந்தே. இந்த இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாவதாக ஒரு வரியும் சேர்க்க வேண்டும். அவன் மேல் எனக்கு இப்போது எந்த வருத்தமும் இல்லை. என்னை மன்னித்ததற்காக நான் அவனை மன்னித்துவிட்டேன்.