இறந்தகாலத்தில் ஒரு வாழ்த்துரை

எனக்குப் பிழையில்லாமல் எழுதப் பிடிக்கும். அது ஒரு குற்றமில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கால்பந்துக் கழகத்துக்கு இருபத்திரண்டு வருடங்களாகச் செயலாளர் நான். அழைப்பிதழ், சுற்றறிக்கை, இரங்கல் செய்தி எல்லாம் என் கைவண்ணம்தான். பந்தை மட்டும் ஒருநாளும் உதைத்ததில்லை.

எங்கள் முன்கள ஆட்டக்காரனை ஊரே பம்பரம் என்று கூப்பிடும். வலது காலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினான் என்றால், தடுக்க வந்தவர்கள் திசைக்கொருவராக விழுந்து கிடப்பார்கள். பதினேழு வருடம் அப்படிச் சுற்றியவன், ஒரு தோல்விக்குப் பிறகு, கழற்றிய பனியனை மடியில் வைத்துக்கொண்டு, "போதும்ணே, இனிமே ஆடல" என்றான்.

அவனுடைய வழியனுப்பு விழாவுக்கான வாழ்த்துரையை அன்றே எழுத உட்கார்ந்தேன். பதினோரு பக்கம். பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்துகிற சமாசாரம் இல்லை அது. அவன் முதல் கோல் போட்ட அன்று மழையா என்று நான்கு பேரிடம் விசாரித்தேன். தூறல்தானாம். தூறல் என்றே எழுதினேன். "ஓடினான், ஓடியபின் நின்றான், நின்றபோதும் நிமிர்ந்தான்" என்று முடியும் கடைசிப் பத்தியை மனைவியிடம் மூன்று முறை படித்துக் காட்டினேன்.

"செத்துப்போனவருக்கு எழுதின மாதிரி இருக்குங்க" என்றாள். அவளுக்கு நடை பற்றிய ஞானம் கொஞ்சம் குறைவு.

மைதான வாசலில் பதிக்கக் கல்வெட்டும் தயாராகிவிட்டது. தொடங்கிய ஆண்டு, முடித்த ஆண்டு, இரண்டும் செதுக்கியாயிற்று. விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, கடைசி ஆட்டம் என்று இறங்கியவன் இரண்டு கோல் போட்டுத் தொலைத்தான். மறுநாள் என் அறைக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. காலு இன்னும் சொன்னபடி கேக்குது. ரெண்டு வருஷம் ஆடலாம்னு இருக்கேன்."

"நல்லதுப்பா. அப்போ விழா?"

"அது பாட்டுக்கு நடக்கட்டுமே. பேச்சுல மட்டும் அங்கங்க லேசா மாத்திக்குங்க."

லேசாக. மதியம் முழுக்க முயன்றேன், ஐயா. 'ஓடினான்' என்பதை 'ஓடுகிறான்' ஆக்கினேன். 'ஓடுவான்' என்றும் போட்டுப் பார்த்தேன். பதினோரு பக்கமும் பல் போன வாய் மாதிரி ஆகிவிட்டது. வினைச்சொற்களை மாற்ற வழியில்லை என்று தெரிந்த பிறகு, வேறு எதை மாற்றலாம் என்று யோசித்தேன். நிதானமான மனிதர் யாரும் அப்படித்தான் யோசிப்பார்.

சாமான் அறைக்கு என்னிடமும் ஒரு சாவி உண்டு. அவனுடைய வலது காலணியின் அடியில் ஆறு குமிழ்கள் இருக்கும், திருகிப் பொருத்துகிறவை. அங்கே இருந்த குமிழ் திருகும் சாவியால் மூன்றைத் தளர்த்தினேன். மற்ற மூன்றையும் தொடவில்லை. எதிலும் எனக்கு ஓர் அளவு உண்டு.

மறுநாள் காலைப் பயிற்சியில் அவன் சுற்றினான். பாதம் ஒரு பக்கம் வழுக்கியது, முழங்கால் மறுபக்கம் போனது. அந்தச் சத்தம் மாடி ஜன்னலில் நின்ற எனக்கே கேட்டது. முதலுதவிப் பெட்டியோடு முதலில் ஓடியவன் நான்தான். அதை உங்கள் எழுத்தர் குறித்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

விழா பிரமாதமாக நடந்தது. அவனைச் சக்கர நாற்காலியில் மேடையேற்றினார்கள். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் படித்தேன். "ஓடியபின் நின்றான்" என்றபோது முன்வரிசை முழுக்க விசும்பல். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடியே தெரிஞ்ச மாதிரி எழுதியிருக்கீங்கண்ணே" என்றாள். பல வருடங்களில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விமரிசனம் அது.

கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினேன். கூடவே குமிழ் திருகும் சாவியும் மேடையில் விழுந்தது. சாமான் அறைக்காரர் அதை அந்த வாரம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாராம். குனிந்து எடுத்தார், என்னைப் பார்த்தார். நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

ஆமாம், அவன் முழங்காலை முறித்தது நான்தான். கோபத்தில் செய்யவில்லை. அவனுக்குச் சேரவேண்டிய மரியாதை குறையக்கூடாதே என்றுதான் செய்தேன். என்றைக்காவது புரிந்துகொள்வான்.

இருக்கட்டும். நீங்கள் அடுத்த வருடம் ஓய்வு பெறுவதாக வெளியே நிற்கும் காவலர் சொன்னார். முப்பத்து நாலு வருட உழைப்பு, யாரும் ஒரு வரி எழுதவில்லையாம். இங்கே எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. இன்றைக்கே தொடங்கிவிடுகிறேன்.

தேதி உறுதிதானே, ஐயா?