பொறுப்பாளர் இடத்தில் என் பெயர்

நாற்காலி போட்டதற்கு நன்றி, அம்மா. முன்பெல்லாம் ஸ்டேஷனில் எங்களைச் சுவரோரமாகத் தரையில்தான் உட்கார வைப்பார்கள். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. மடங்கினால் நிமிர்வதில்லை. நான் மெதுவாகத்தான் சொல்வேன். ஏட்டையா எழுதுவதற்கும் அது தோதாக இருக்கும்.

பெயர் பால்பாண்டி. வயது அறுபத்தொன்று. ஊர் எம். புதுப்பட்டி. ஆமத்தூர் ரோட்டில் மகேஷ்குமார் முதலாளி கட்டியிருக்கிற விடுமுறை வாடகை வீட்டுக்கு நான்தான் பொறுப்பாளர். செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வீட்டுக் குளியலறையில் அருணாதேவி என்ற பெண்ணும் அவருடைய ஆறு வயது மகளும் இறந்துபோனார்கள். அடைத்த அறையில் கேஸ் கீசர் எரிந்ததால் வந்த நச்சுக்காற்று. காரணம் நான். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. இதை முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு தேட வேண்டியிருக்காது.

நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்று ஏட்டையா சொன்னார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பட்டாசுக் கம்பெனி ஒவ்வொன்றிலும் போர்மேன் என்று ஒருவர் இருப்பார். வெடி விபத்து நடந்தால் வழக்கில் முதல் பெயர் அவருடையது. முதலாளி அன்றைக்குப் பார்த்து வெளியூரில் இருப்பார். போர்மேன் உள்ளே போவார், பதினைந்து இருபது நாளில் ஜாமீனில் வருவார், அதுவரை அவர் வீட்டை முதலாளி பார்த்துக்கொள்வார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் பழிக்கென்றே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்கள். முப்பது வருடமாக அந்த ஆள் நான்.

மூன்று வெடி, மூன்று வழக்கு. முதல் தடவை, நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஒன்பது பேர் மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். சீசன் நேரம். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அந்த ஐந்து பேரையும் தூக்குவாளியோடு கருவேலங்காட்டுக்குள் போய் உட்காரச் சொல்வது என் வேலை. அவர்கள் ஜீப் கிளம்பியதும் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைப்பதும் என் வேலை. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. இது சரிப்படாது என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். மகேஷ்குமாருடைய அப்பா அவர்.

"ஏலே பால்பாண்டி, பேப்பர்ல உம்பேருதான இருக்கு? அப்பொறம் நீ என்னத்துக்குப் பதறுத?" என்றார்.

மறுவாரம் வெடித்ததில் மாடத்தி என்ற பெண்ணும் இன்னொருவரும் போய்விட்டார்கள். ஜெயிலில் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் தடவை முதல் நாளே சாப்பிட்டேன். மூன்றாம் தடவை வீட்டிலிருந்தே போர்வை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே கொடுக்கும் போர்வை அரிக்கும்.

கம்பெனி லைசென்ஸ் போன பிறகு சின்ன முதலாளி இந்த வீட்டைக் கட்டினார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் கார்கள் இந்த வழியாகத்தான் போகும். இங்கே ஒரு ராத்திரி தங்கிப் பட்டாசும் வாங்கிக்கொண்டு போவார்கள். அனுமதிக்கு என்னென்ன வேண்டும் என்று மதுரையிலிருந்து ஒருவர் வந்து கோப்பு தயாரித்துக் கொடுத்தார். மாதம் ஒரு தாள், தாளுக்கு இருபத்திரண்டு வரி. தீயணைப்பு சிலிண்டர், அவசர வழி, வயரிங், கேஸ் குழாய், கீசர், காற்றோட்டம், தங்குபவரின் ஆதார் நகல். தாளின் அடியில் பொறுப்பாளர் என்று ஒரு கோடு. முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். பேச்சு ஒன்றும் தேவைப்படவில்லை.

அலட்சியமான ஆள் என்று என்னைப் பற்றி எழுதிவிடாதீர்கள். நீங்களே போய்ப் பார்த்தீர்கள். சிலிண்டர் புதுசு. அவசர வழி அம்புக்குறி இருட்டிலும் தெரியும். அங்கே ஒரு கம்பிகூடத் தொங்காது.

அந்தக் குளியலறை ஜன்னல் மட்டும்தான் குறை. ரோட்டைப் பார்த்த சின்ன ஜன்னல். வேனில் வேலைக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம் போலிருக்கிறது என்று தங்கியவர் ஒருவர் செல்போனில் குறைத்து மதிப்பெண் போட்டுவிட்டார். அன்று சாயங்காலமே முதலாளி பேசினார். மறுநாள் நான் பலகை அறுத்து, நாலு திருகு போட்டு, சுற்றிலும் பசை வைத்து அடைத்தேன். காற்றுகூட நுழையாது. வேலை சுத்தமாக இருந்தது.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொன்னால் வழக்கு இலேசாகும் என்று உங்கள் ஏட்டையா சற்று முன்னால் காதோடு சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் தெரியும், அம்மா.

ஏப்ரலில், வீடு பெருக்க வருகிற அய்யம்மாள் அந்த அறையில் வெந்நீர் திறந்து போர்வை அலசிக்கொண்டிருந்தவள், மயங்கி விழுந்துவிட்டாள். கதவு திறந்திருந்ததால் பிழைத்தாள். வெயில் என்று நினைத்தோம். என் மகள் கற்பகவல்லி மதுரையில் நர்சாக இருக்கிறாள். அவள் படிப்புக்கு முதலாளி வீட்டார் செய்த உதவியை நான் மறக்கவில்லை. அவளிடம் போனில் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"அப்பா, அது வெயிலு இல்ல. அடைச்ச ரூம்ல கேஸ் கீசர் எரிஞ்சா வாடையே தெரியாது, ஆளக் கொன்னுரும். மொதல்ல அந்தப் பலகையக் கழத்துங்க."

முதலாளியிடம் சொன்னேன். சீசன் முடியட்டும், பார்த்துக்கிடலாம் என்றார். நாலு திருகுதான். ஸ்குரூ டிரைவர் என் வண்டிப் பெட்டியிலேயே கிடக்கிறது. கழற்றியிருக்கலாம். ஏன் கழற்றவில்லை என்று நீங்கள் காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டீர்கள். அலுப்பு என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வருகிறது. முப்பது வருடத்தில் ஆபத்தை நிறுத்து என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நடந்த பிறகு வந்து நில் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நானும் ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. இருந்தாலும் பொய்க் கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை. அந்த மாதத்திலிருந்து கீசர், காற்றோட்டம் இரண்டு வரியையும் நிரப்பாமல், தாளின் அடியில் கையெழுத்தும் போடாமல் விட்டுவிட்டேன். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. நாலு தாள். என்னால் முடிந்த எதிர்ப்பு அது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அவர்கள் திருப்பூர்க்காரர்கள். கணவர் நல்லசிவம் தம்முடைய கடைக்குக் காலண்டர் ஆர்டர் கொடுக்க ஒன்பதரைக்கே சிவகாசிக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் குற்றாலம் கிளம்புவதாக ஏற்பாடு. நான் பத்து மணிக்குப் போனேன். அய்யம்மாள் விளக்குமாற்றோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, அந்தம்மா பிள்ளையக் குளிப்பாட்டப் போயி கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கு. கூப்புட்டா பதிலக் காணோம். எனக்கு அன்னைக்கு வந்த மாதிரி இருந்துறப் போகுது, கதவ ஒடச்சுப் பாருங்க."

அவள் உங்களிடம் சொன்னது உண்மைதான். பத்து மணிக்கே சொன்னாள்.

அவளை நான் வீட்டுக்கு அனுப்பினேன். அவள் பெயர் எந்தத் தாளிலும் கிடையாது. அங்கே நின்றிருந்தால் அவளையும் இழுப்பீர்கள். "நீ போ தாயி. இன்னைக்கு நீ இங்கன வரவே இல்ல. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். என்னை நம்பித்தான் போனாள்.

ஆம்புலன்சுக்கு நான் போன் செய்தது பத்து நாற்பதுக்கு. உங்களிடம் கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. இடையில் நாற்பது நிமிடம் என்ன செய்தாய் என்கிறீர்கள். விபத்து என்றால் முதலில் பேப்பரைச் சரிசெய்ய வேண்டும். ஆள் கூடிவிட்டால் பிறகு முடியாது. வெடித்த கம்பெனியில் புகை அடங்குவதற்குள் வருகைப் பதிவேட்டை எழுதி முடித்தவன் நான். ஹாலில் மேஜை மேல் கோப்பை வைத்து உட்கார்ந்தேன். அங்கிருந்து குளியலறைக் கதவு நாலு எட்டு. முதலாளிக்கு ஒரு போன். பிறகு விட்ட வரிகளை நிரப்பினேன். கீசர், சரி. காற்றோட்டம், சரி. நாலு மாதமும் ஒரே மையாக இருந்தால் தெரிந்துவிடும் என்று இரண்டு பேனா மாற்றினேன். அவசரப்படவில்லை. எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஜூன் தாளில் கையெழுத்துப் போடும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பலமாக இல்லை. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. தாழ்ப்பாளுக்கு வெகு கீழே, முழங்கால் உயரத்தில். தாய் முதலில் போய்விட்டார், பிள்ளை பிறகுதான் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தத் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கேட்டும் கேளாதவன் போல இருந்தேன் என்று மட்டும் போடாதீர்கள், அம்மா. அது உண்மையில்லை. "இரு தாயி, இந்தா வாரேன்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். ஜூலைத் தாள் ஒன்றுதான் பாக்கி இருந்தது.