கழித்ததுபோக மிச்சமான ஒலி

டீ வேண்டாம் ஐயா, தண்ணீர் போதும். முடிந்தால் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். தொழில் பழக்கம், சின்ன இரைச்சல்கூட எனக்கு ஆகாது.

ஒலிப்பதிவு மென்பொருளைச் சோதிப்பதுதான் என் வேலை. உள்ளே போன ஒலியும் பதிவான ஒலியும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். மைக்கிலிருந்து வருவதை நம்பகமான கருவி ஒன்றிலும் புது மென்பொருளிலும் சேர்ந்தே ஓடவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்போம். மிச்சம் மட்டும் என் ஹெட்போனுக்கு வரும். மென்பொருள் எதையாவது மாற்றியிருந்தால் அது கேட்கும். மாற்றாவிட்டால் ஒன்றுமே கேட்காது.

இது நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதைப் பதிய வாங்கிய மென்பொருள். சரி என்று கையெழுத்துப் போட்டது நான். அவசரத்தில் சோதிக்காமலே போட்டுவிட்டேன். என் மனைவியின் தம்பிக்கும் அதே அலுவலகம்தான். அவன் மோப்பம் பிடித்துவிட்டான்.

"மாமா, திடீர்னு கத்தினா அது தானாவே சத்தத்தைக் குறைச்சிடுதுன்னு தோணுது. நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிடப்போறேன். கோவிச்சுக்காதீங்க."

வேலை போகும், மானம் போகும், ஜெயிலுக்கும் போக நேரலாம். பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

"சொல்றதுக்கு முன்னாடி முறையா ஒரு தடவை சோதிச்சுடலாம்டா" என்றேன். நல்ல பிள்ளை, விடுமுறை நாள் என்றுகூடப் பார்க்காமல் வந்தான்.

பதிவறைக்குள் போகிறவர் உடம்பில் ஓசை எழுப்பும் எதுவும் இருக்கக்கூடாது. சாவி, கைக்கடிகாரம், இழுப்பு வந்தால் அவன் உறிஞ்சும் மருந்து, எல்லாவற்றையும் வாங்கி மேசைமேல் வைத்தேன். உள்ளே காற்று விடும் விசிறியை நிறுத்தினேன், அதுவும் இரையும். கதவை வெளியே தாழிட்டேன், இல்லாவிட்டால் இறுக்கமாக மூடாது. எல்லாம் வழக்கமாகச் செய்வதுதான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சுவர் முழுக்கப் பஞ்சு, அதில் வருஷக்கணக்கான தூசி. அவனுக்குத் தூசி ஆகாதுதான். அவன் தங்க வந்தால் நானே மெத்தை விரிப்பை மாற்றிப் போடுவேன்.

முதலில் பேசினான். பிறகு கத்தினான். திரையில் ஒலியளவு சிவப்பைத் தொட்டது, தேவையும் அதுதானே. கதவு அதிர்ந்தது. பதிவறைக்குள் பார்க்கும் கண்ணாடிப் பக்கம் நான் திரும்பவில்லை. நடுவில் கதவைத் திறந்தால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒலியளவு மெல்ல இறங்கி அடியில் நின்றது. அப்புறமும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன், மெல்லிய ஒலிகளையும் பார்க்க வேண்டுமே.

மென்பொருளில் ஒரு குறையும் இல்லை ஐயா. பாவம், அவன்தான் தப்பாக நினைத்துவிட்டான்.

அவன் "மாமா, மாமா" என்று கூப்பிட்டது பதிவில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். நான் அதைக் கேட்கவில்லை, மிச்சத்தைத்தான் கேட்டேன். என் மனைவியிடமும் இதையே சொன்னேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீங்களாவது இந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நான் கேட்டதை முழுசாகக் கேளுங்கள். அதில் ஒரு முனகலாவது காதில் விழுந்தால், அவனைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.