நிறுத்தி வைத்த மடல்

காந்தள் விதையை மண்ணில் இடுவதற்கு முன் ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊற வைப்பது நல்லது. அதன் தோல் கடினமானது. ஊறாத விதை முளைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் ‘பூம்பொழில்’ குழுவில் நான் எழுதிய முதல் குறிப்பு இது. இன்றுவரை எவரும் அதை மறுத்ததில்லை. நான் சொன்னவற்றுள் பழுதில்லாதவையும் உண்டு என்பதை, அன்பர்களே, தொடக்கத்திலேயே நினைவூட்ட விரும்புகிறேன்.

புதியவர்களுக்காகச் சிறு அறிமுகம். என் பெயர் வைத்யநாதன். ரயில்வே கணக்குப் பிரிவில் பணியாற்றி மைசூரில் ஓய்வு பெற்றவன். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகன் மாதவ் ஒரு கணினியையும் மோடத்தையும் வாங்கி வைத்து, மின்னஞ்சல் அனுப்பக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். தொண்ணூற்றெட்டில் இக்குழுவைத் தொடங்கினேன். பழம்பாடல்களில் மணக்கும் பூக்களை வீட்டில் வளர்ப்பவர்கள் கூடிப் பேச ஓர் இடம்; அவ்வளவே நோக்கம். எவரேனும் ஒரு பூவைப் பற்றிக் கேட்டால் பாட்டையும் சொல்வேன், மண் கலவையையும் சொல்வேன். நாளடைவில் “வைத்யநாதன் சார் சொன்னா சரிதான்” என்பது குழுவில் பழமொழி போலாயிற்று. அதில் நான் மகிழ்ந்தேன். காலையில் பூஜையறையில் அமர்ந்து ஓதும்போதும், ஒரு பதிகத்துக்கும் அடுத்த பதிகத்துக்கும் நடுவே, இன்று யார் என்ன எழுதியிருப்பார்கள் என்ற நினைவு வந்து அமர்ந்துகொள்ளும். அதை எழுப்பி வெளியே அனுப்ப நான் முயன்றதில்லை.

சைத்ரா நம் குழுவில் சேர்ந்தது அதன் பிறகு. இதே ஊரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவர். கன்னடத்தில் நினைத்துத் தமிழில் எழுதுபவர். கொன்றையைத் தொட்டியிலிட்டால் மறு ஆண்டே சரம் தொங்கும் என்று நான் எழுதியதற்கு அவர் எல்லோரும் காணப் பதில் எழுதினார். “சார், தொட்டியில கொன்றை பூக்காது. அது மரம், வேருக்கு நெலம் வேணும். தப்பா தெளிஞ்சுக்காதீங்க.” சிங்கப்பூரிலிருந்து பாலன் விடவில்லை. “பூக்கலைன்னா என்ன சார், சிவனுக்கு இந்த வருஷம் பிளாஸ்டிக் மாலை போட்டுருவோம்!” குழு இரண்டு நாள் சிரித்தது. நானும் சிரிப்பதுபோல் இரண்டு வரி எழுதினேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு நெறி வகுத்தேன். சபையில் ஒருவர் பிழையை இன்னொருவர் சுட்டுவது மரபன்று. ஆகவே மடல் எதுவும் முதலில் என் பார்வைக்கு வரும், நான் விடுத்த பின்பே மற்றவர்களுக்குச் செல்லும் என்றேன். அவையடக்கம் பற்றி அழகான ஒரு முன்னுரையும் எழுதினேன். அனைவரும் பாராட்டினீர்கள். முதலில் பாராட்டியவர் சைத்ரா.

சுலோசனாவை உங்களிற் பலர் எழுத்தால் மட்டும் அறிவீர்கள். அவர் அக்ரஹாரத்தில், நான் பிரதோஷத்துக்குச் செல்லும் சிவன் கோயிலுக்கு முந்தைய தெருவில் இருந்தார். கணவர் சேகரனுக்கு வங்கியில் வேலை. என்னிடம் விதை வாங்க வந்தபோது ஒருமுறை சொன்னார்: “எங்காத்துக்காரர் கேலி பண்றார் மாமா. தொட்டிக்கு விடற தண்ணியில பாதியைக் கொதிக்க வெச்சா நேக்கு ஒரு காப்பி கிடைச்சிருக்குமேங்கறார்.” அவ்வளவு சிரிப்பான பெண். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவருக்குப் பால் போதவில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கைப் பாலில் காய்ச்சிக் குடித்தால் சுரக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

சேகரன் மாதேஸ்வரன் மலைக்குப் போய்த் திரும்புகையில், பேருந்து நின்ற இடத்தில் ஒரு காய்ந்த கொடியின் கிழங்கைத் தோண்டி வந்திருக்கிறார். இலையும் இல்லை, பூவும் இல்லை. இது நமக்கு வேண்டிய கிழங்குதானா என்று சுலோசனா குழுவில் கேட்டார். வெண்மையாக, பருமனாக, இரண்டாகக் கவைத்து, கலப்பைக் கொழு போல் இருக்கிறது என்று எழுதியிருந்தார். தண்ணீர்விட்டான் கிழங்கேதான் என்று நான் விடை எழுதினேன். தாய்மை பற்றி நான் இயற்றிய ஒரு வெண்பாவையும் சேர்த்தேன். வெண்பாவுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. விடைக்கு நேரம் ஆகவில்லை.

காந்தளைப் பற்றி இக்குழுவில் மிகுதியாக எழுதியவன் நான். மகளிர் விரலுக்கு அதை உவமை சொல்லும் மரபையும், முருகவேளுக்கு அது உகந்தது என்பதையும் விரித்திருக்கிறேன். அதன் கிழங்கை நான் கண்டதில்லை. பாடல்கள் பூவோடு நின்றன. நானும் அங்கேயே நின்றேன்.

வியாழன் மாலை சைத்ராவின் மடல் வந்தது. “சார், கலப்பை மாதிரின்னா அது காந்தள் கிழங்கு. பூராவும் விஷம். அவங்க வாயில வைக்கக் கூடாது. எனக்கு அவங்க வீடும் தெரியாது, போனும் தெரியாது, குழுவில மெயில் விலாசமும் காட்டாது. தயவுசெஞ்சு இதை உடனே விடுங்க.” அதற்குச் சற்று முன்புதான் சுலோசனாவின் நன்றி மடலை விடுத்திருந்தேன்: “நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூஜையை முடிச்சுட்டுச் சாப்பிட்டுடறேன் மாமா.”

படித்தவுடனே சைத்ரா சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்தது. இதில் ஐயம் வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் அம்மடல் போயிருக்கும். ஆனால் அது கொன்றையை எல்லோருக்கும் நினைவூட்டியிருக்கும். அதைவிட நானே மறு ஆய்வில் கண்டறிந்ததாக, தக்க முகவுரையோடு ஒரு திருத்தம் எழுதுவது குழுவின் மாண்புக்கும் உகந்தது என்று எண்ணினேன். காலை வரை நேரம் இருந்தது. மடலை நிறுத்தி வைத்தேன்.

அன்று பிரதோஷம். கோயிலுக்கு நடந்தபோது சுலோசனா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

“மாமா, வாங்கோ, வாங்கோ. இவளை நீங்க பாக்கவே இல்லையே. மேதான்னு பேர் வெச்சிருக்கோம். பசியில கத்தறதைப் பாருங்கோ, பாட்டு வாத்தியார்தான் வைக்கணும்.” உள்ளே கை காட்டினார். “கிழங்கை நறுக்கி ஊறப் போட்டாச்சு. நீங்க சொன்ன பிற்பாடுதான் இவருக்கே தைரியம் வந்தது.”

குழந்தையின் தலையில் கை வைத்தேன். “சௌக்கியமா இருங்கோ” என்றேன். தீபாராதனைக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு நடந்தேன். சந்நிதியில் நின்று, ஆலகாலத்தை உண்டு உலகைக் காத்தவனைப் பாடினேன். அன்று குரல் நன்றாக அமைந்தது. உடன் நின்றவர்கள் சொன்னார்கள்.

காலையில் எழுந்து திருத்தத்தை எழுதினேன். முதல் வாக்கியம் இரண்டு முறை பிடிபடாமல் போயிற்று. பிழையை ஒப்புவதாகவும் இருக்க வேண்டும், புலமை குன்றியதாகவும் தோன்றக்கூடாது. முடித்து அனுப்பியபோது அக்ரஹாரத்தில் பூஜை முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. அம்மடலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். “தன் பிழையைத் தானே சொல்லும் பெரிய மனசு” என்று பாலன் எழுதினார்.

சுலோசனா மருத்துவமனையில் சில நாள் இருந்தார். திங்களன்று காலமானார். நான் எழுதிய இரங்கற்பாவைப் படித்து அழுததாகப் பலர் தெரிவித்தீர்கள்.

காரியங்கள் முடிந்த பின் சைத்ரா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“சார், வியாழக்கிழமையே அனுப்பினேன் சார். நிஜமாத்தான். லைன் கட் ஆயிடுச்சோ என்னவோ, கொத்தில்ல, தெரியல சார். உங்களுக்கு வரவே இல்லையா?”

“வரவில்லையே அம்மா” என்றேன்.

“திரும்ப ஒரு தடவை அனுப்பியிருக்கணும். ஸ்கூட்டர்ல இங்கயாவது வந்திருக்கணும். சார் பாத்துப்பாங்கன்னு தூங்கிட்டேன்.”

விதியை யார் வெல்ல முடியும் என்று ஆறுதல் சொன்னேன். அவர் என் காலைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார். அன்றே அம்மடலை அழித்தேன். பிறகு அவர் சேகரனிடம் சென்று, தெரிந்திருந்தும் சொல்லத் தவறியவள் நான்தான் என்று சொல்லியிருக்கிறார். சேகரன் கதவைச் சாத்திவிட்டார். இப்போது அக்ரஹாரத்தில் சைத்ராவைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார்கள். கல்லூரி வேலையையும் விட்டுவிட்டார். நேற்று முன்தினம் தொலைபேசியில், “இந்த ஊர்ல இருக்க ஆகல்ல சார்” என்றார். வடக்கே எங்கோ போகிறாராம்; திரும்பும் எண்ணம் இல்லையாம். நான் ஆசி கூறினேன்.

ஆகவே சொல்கிறேன். அறியாமல் அனுப்பிய விடை என் பிழை. அறிந்து நிறுத்திய மடல் கொலை. அதைச் செய்தவன் நான். சைத்ராவின் மேல் ஒரு துரும்பளவும் குற்றம் இல்லை. சேகரனும், வளர்ந்த பின் அந்தக் குழந்தையும், இதை அறிய வேண்டும்.

இம்மடல் நேற்றே எழுதி முடிந்தது. படித்துப் பார்க்கையில், அவையடக்கம் பற்றிய பகுதியில் ஓசை சற்று இடறுகிறது. சந்நிதியில் பாடியதைச் சொல்லும் இடத்திலும் பொருத்தமான சொல் இன்னும் வாய்க்கவில்லை. இத்தகைய ஒன்றைச் செப்பமில்லாமல் சபைக்கு அனுப்புவது முறையாகாது. அதனால் நிறுத்தி வைத்திருக்கிறேன். சைத்ராவின் ரயில் நாளைக் காலையில்தான். அதுவரை நேரம் இருக்கிறது.