ஐந்து நாளைக்கு ஐஸ் பெட்டி

"ஹலோ... ஆமா, அந்தோணிமுத்து வீடுதான்... ஆமா ஆமா, டாலிகஞ்ச். தண்ணித் தொட்டிக்கு எதுத்த வீடு... பாடியா? பாடிதான் பேசுது. சொல்லு."

ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவனுக்கு, பெட்டிக்குள் கிடக்க வேண்டியவரே போனை எடுத்தால் என்ன பேசுவதென்று யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? ஆனால் அந்தோணிமுத்துவுக்கு அன்று காலையில் இது மூன்றாவது அழைப்பு. முதல் ஆள் இந்தியில் துக்கம் விசாரித்தான். இரண்டாவது ஆள், வண்டி கிளம்பிவிட்டது, வழி சொல்லுங்கள் என்றான். போர்ட் பிளேரிலிருந்து தீவுக்குத் தீவு ஓடும் சர்க்கார் கப்பலில் செராங்காக, அதாவது மாலுமிகளின் மேஸ்திரியாக இருந்து, ஒரே அதட்டில் தளத்து ஆட்களை ஓடவிட்ட மனிதர் அவர். நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். மூச்சு இன்னும் சரியாகவில்லை. வாய் சரியாகிவிட்டது.

"ஏலே, வச்சிராத. பேசு... சாரியா? சாரிய நீயே வச்சுக்க. காலையிலருந்து எவனாவது ஒருத்தன் என்னையக் கொன்னுக்கிட்டே இருக்கான். ஒனக்கு எங்க கடை?... அபர்டீன் பஜாரா? அச்சா. அங்கன இருந்துக்கிட்டு எம் பேரு ஒனக்கு எப்படிலே தெரியும்?... என்னது? லீடா? அப்படின்னா?... சரி... சரி... ம்... இன்டர்நெட்ல ஒருத்தர் ஐஸ் பெட்டி வேணும்னு எழுதுனா, அந்த வெப்சைட்டுக்காரன் அந்த நம்பர ஒனக்கு விப்பான். நீ காசு குடுத்து வாங்கி போன் பண்ணுவ... ஆமா ஆமா, புரியுது, நான் என்ன பச்சப் புள்ளையா?... ஒனக்கு மட்டும் இல்லையா? பின்ன எத்தன பேருக்கு?... நாலு பேருக்கா? ஒரு சாவ நாலு பேருக்கு விக்கானா? ஒரே மீன நாலு பேருக்கு வித்தா ஜங்க்லிகாட் மீன் மார்க்கெட்ல தொலிய உரிச்சிருவாவ, தெரியுமா?"

இருமல் வந்தது. போனைத் தள்ளிப் பிடிக்கவில்லை. கேட்கட்டும் என்று அவன் காதிலேயே இருமினார்.

"...என்ன சொன்ன? ஒங்காசு போச்சா? ஒங்காசு போச்சுன்னா அதுக்கு நான் சாவணுமாலே, சவத்து மூதி?... ஏமாத்துனது நான் இல்லல்லா, அந்த வெப்சைட்டுக்காரன்கிட்டப் போயிக் கேளு... சரி, அத விடு. யாரு எழுதுனது? எம் பெரிய தம்பி மவன்தானே? அவன்தான் இந்த வீட்டுக்கு நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு அலையுதான்... சொல்லக் கூடாதா? ஏம்வே, செத்தவங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னும் எழுதியிருக்கா? எஞ் சாவுக்குப் பெட்டி சொன்னது எவன்னு நான் கேக்கக் கூடாதோ?... ம்... ம்... எவ?... இன்னொரு தடவ சொல்லு."

அவன் இன்னொரு தடவை சொன்னான். அந்தோணிமுத்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

பிரிஸ்கில்லா அவருடைய ஒரே மகள். சுனாமிக்கு மறுவருஷம், வீடிழந்தவர்களுக்குப் போட்ட தகரக் குடியிருப்புகளுக்குக் கரண்டு இழுக்க மெயின்லேண்டிலிருந்து வந்த விஜயனைக் கட்டிக்கொண்டு சென்னைக்குக் கப்பல் ஏறியவள். வேற்று மதம், வேற்று ஜாதி, கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். மாப்பிள்ளையின் சொத்து அவ்வளவுதான் என்று ஊர் சிரித்தது. ஊர் சிரித்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அவள் கப்பல் ஏறிய ஹாடோ ஜெட்டியில், அத்தனை ஜனங்களுக்கும் கேட்கும்படி, என் சாவுக்குக்கூட நீ வரக் கூடாது என்று கத்தினார். அவளும் வரவில்லை, போனும் செய்யவில்லை. அவளுடைய நம்பரை அவர் யாரிடமும் கேட்டதுமில்லை. கேட்டால், கேட்டார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

"...கேக்குது, கேக்குது. லைன்லதான் இருக்கேன்... அப்ப பெத்த மவளே எனக்குப் பெட்டி ரெடி பண்ணுதா. ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வந்து எட்டிப் பாக்கல. ஒரு போனு இல்ல. எவனோ போயிச் சொல்லியிருக்கான், கெழவன் சீரியஸ்னு. ஒடனே பெட்டி. எப்ப தூக்குவாங்கன்னு காத்துக்கெடந்திருக்கா, பாத்தியா... நீ ஒண்ணும் சமாதானம் சொல்ல வேண்டாம். ஒனக்கு என்னவே தெரியும்?... சீரியஸ்னுதான் எழுதியிருக்காளா? பின்ன எடுத்த எடுப்புல பாடின்னு கேட்டியே... ஓ, அது வெப்சைட்டுக்காரன் போட்டதா. அர்ஜெண்டுன்னு போட்டாத்தான் விலை போவும். நல்லா இருங்கடே."

கோபம் சுகமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அவர் பிடித்துக்கொண்டு நின்ற கம்பி அதுதான். இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தபோதுதான் அந்த ஆள் என்னவோ சொன்னான்.

"...எத்தன நாளைக்கு?... அஞ்சு நாளைக்கா? எதுக்குலே அஞ்சு நாளு? உள்ளூர்ச் சாவுக்கு ஒரு நாளைக்கு மேல எவன் பெட்டி எடுப்பான்?... ஸ்பெஷலா எழுதியிருக்காளா? படி... நீயாச் சொல்லாத, அவ எழுதுனத அப்படியே படி... ம்... 'வெள்ளிக்கிழமைக் கப்பல்ல வாரேன்'... ம்... 'நான் வர்ற வரைக்கும்'... மெதுவாப் படிவே... 'நான் வர்ற வரைக்கும் அப்பாவ எடுத்துராதீங்க'... ம்."

இந்தத் தீவில் சாவுக்கு நேரம் குறிப்பது சாமியாரும் இல்லை, குடும்பமும் இல்லை. கப்பல்தான். மெயின்லேண்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் ஐஸ் பெட்டி வாசலில் இறங்கினால், பிள்ளை கப்பல் ஏறிவிட்டது என்று அர்த்தம். செராங்கு மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஏறினால் நடுக்கடலில் மூன்று ராத்திரி. காற்று அடித்தால் இன்னும் கொஞ்சம். அஞ்சு நாள் சரி. விமானத்துக்குக் காசில்லை போலிருக்கிறது. அது அவருக்கு வலித்தது. வரக் கூடாது என்று சொன்ன சாவுக்குத்தான் அவள் வரப்போகிறாள். சொன்ன பேச்சை என்றைக்குக் கேட்டாள், இன்றைக்குக் கேட்க?

"...இருக்கேன்வே... ஒண்ணுமில்ல, சளி... லோக்கல் நம்பருன்னு இந்த நம்பரத்தான் குடுத்தாளா? நெசமாவா? எழுதிவச்சிருந்தாளா, மனப்பாடமா?... ஒனக்கு எப்படித் தெரியும், சரி."

அந்த நம்பரை அவரும் மாற்றியதே இல்லை. டாலிகஞ்சில் பாதி நேரம் அதற்கு டவரே கிடைக்காது. ஏன் இன்னும் இதையே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டவர்களை முறைத்தே அனுப்பியிருக்கிறார்.

"இங்க கேளு. அவ நம்பரு ஒங்கிட்ட இருக்குல்லா?... இருக்குமே. அதத்தானே வித்திருக்கான்... நாலு பேர்ட்டயும் இருக்கும். ஆமா. எம் மவ நம்பரு போர்ட் பிளேர்ல நாலு ஐஸ் பெட்டிக்காரனுவகிட்ட இருக்கு. பெத்த அப்பங்கிட்ட இல்ல... சரி, சொல்லு. எழுதிக்கிடுதேன்... ஏன்?... வெளிய குடுக்கக் கூடாதா? நான் என்ன ஒனக்குப் போட்டியா ஐஸ் பெட்டியா வாங்கி வைக்கப் போறேன்?... காசு குடுத்து வாங்குனதா? அந்தக் காச நான் தாரேன்வே... ரூல் பேசாத. நாலு கேள்வி கேக்கணும் அவள. உசிரோட இருக்கறவனுக்குப் பெட்டி சொன்னவள நாலு கேள்வி நல்லாக் கேக்கணும்... திட்டுனேனா? நானா? எப்பம்?... சவத்து மூதின்னு சொன்னனா? அது ஒரு பேச்சுல்லா. எங்க ஊர்ல புள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும் அதத்தான் சொல்லுவாவ... மன்னிப்பா? நான், ஒங்கிட்ட? ஏ சவமே, எங்கப்பங்கிட்டயே நான்... ஹலோ?... ஹலோ?"

வைத்துவிட்டான். அந்தோணிமுத்து திருப்பி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார். இந்த முறை மணியே போகவில்லை. காலையில் பேசிய மற்ற இரண்டு பேரையும் இதே வாயால் விரட்டியாகிவிட்டது. எழுதுவதற்கென்று எடுத்த பழைய காலண்டர் தாள் மடியிலேயே கிடந்தது. ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தால் நம்பர் வந்திருக்கும். வாழ்க்கையில் அவர் விழுங்காத வார்த்தைகள் எல்லாம் இப்படித்தான் போயின. அழுகை வந்தது. பார்க்க யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதார்.

போன் மணி அடித்தது. தெரியாத நம்பர்.

முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கப்பல் கேப்டன்களிடம்கூடப் பேசியிராத பணிவான குரலைத் தேடி எடுத்தார்.

"ஹலோ... ஆமாங்க, அந்தோணிமுத்து வீடுதான்... ஐஸ் பெட்டிக்காரங்களா? வாங்க தம்பி. ஒங்க போனுக்காகத்தான் காத்திருக்கேன்... ஆமா ஆமா, அஞ்சு நாளைக்குத்தான் சொன்னாவ. அதுக்கு முன்னால ஒரு ஒதவி. புக் பண்ணுன பொண்ணு நம்பரு ஒங்ககிட்ட இருக்கும். கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, வயசான கை... ம்... ம்... ரெண்டு நாலா? சரி... ம்... ஆச்சு. திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க."

திருப்பிச் சொன்னார். சரியாக இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி தம்பி... பெட்டியா? பெட்டி வேண்டாம்... கோவிச்சுக்காதீங்க. அவ வர்ற வரைக்கும் நான் பெட்டி இல்லாமலே தாங்கிக்கிடுவேன்."

போனை வைத்தார்.