பொய் சொல்லாத சீட்டாட்டக்காரன்

டார்லீன்: ...போன வருஷம் இதே லாஸ் வேகஸ்ல போக்கர்ல தோத்துட்டு, நாற்காலியத் தூக்கி நீச்சல் குளத்துல எறிஞ்சவன்தானேடா நீ?

எல்லிஸ்: ஆமாக்கா. அப்புறம் போய் அந்த நாற்காலிகிட்ட மன்னிப்பு கேட்டேன்.

டார்லீன்: நாற்காலிகிட்டயா!

எல்லிஸ்: குளத்துகிட்டயும்.

டார்லீன்: முடியோட மூளையையும் மழிச்சு விட்டுட்டாங்க போல, அந்த புத்த மடத்துல. ஆனா அங்க போய் வந்ததுலேருந்து ஜெயிச்சுக்கிட்டே வர்றியே... இப்பப் பாரு, மொத்த பந்தய சிப்பையும் நடுவுல தள்ளிட்டு, சிலை மாதிரி உக்காந்திருக்கே.

ரோகெலியோ: அம்மா, உங்க முறை. ஆடுறீங்களா, விடுறீங்களா?

டார்லீன்: சீட்டுப் போட்டாச்சுல்ல ரோகெலியோ? டீலர் வேலை அதோட முடிஞ்சுது. இரு... எல்லிஸ், மிஞ்சினது நாம ரெண்டு பேர்தான். எத்தனை வருஷமா இந்தப் போட்டியில கடைசி மேசை வரைக்கும் வர்றேன் தெரியுமா? கோப்பைய ஒரு தடவைகூடத் தொட்டதில்ல. ஊரே என்னை ‘ரெண்டாவது டார்லீன்’னுதான் கூப்பிடுது.

எல்லிஸ்: கேக்கவே கஷ்டமா இருக்குக்கா.

டார்லீன்: கஷ்டமா இருந்தா வாயத் தொறந்து சொல்லு. மேசை மேல ஒரு ஆஸ் கெடக்கு. உன் கையில இன்னொண்ணு இருந்தா ஜோடி சேந்து நீ ஜெயிச்சுடுவே. இருக்கா?

எல்லிஸ்: இருக்குன்னு சொல்ல மாட்டேன்.

டார்லீன்: அப்ப இல்ல!

எல்லிஸ்: இல்லேன்னும் சொல்ல மாட்டேன்.

டார்லீன்: என்னடா வழவழா கொழகொழான்னு...

எல்லிஸ்: குரு முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன்க்கா. இனிமே பொய்யே பேசக் கூடாது.

டார்லீன்: போக்கர் ஆடுறவனா? உங்க குரு ஒண்ணும் சொல்லலியா?

எல்லிஸ்: ரொம்ப நேரம் சிரிச்சாங்க.

டார்லீன்: சரி, என் மூஞ்சியப் பாத்து சொல்லு. நான் விட்டுட்டா நல்லதா, கெட்டதா?

எல்லிஸ்: தெரியலக்கா.

டார்லீன்: கண்ணு படபடக்கல... கழுத்து நரம்பு துடிக்கல... தூங்குற குழந்தை மாதிரி மூச்சு விடுறான். ரோகெலியோ, ஏமாத்துறவன் மூஞ்சியா இது?

ரோகெலியோ: என் வாயக் கிளறாதீங்கம்மா. நேரம் ஓடுது.

டார்லீன்: மூஞ்சியப் படிச்சே சோறு தின்னவடா நான். உன்கிட்ட துளி பயம் இல்ல. ஆஸ் வச்சிருக்கே... வச்சிருக்கே! போ, எடுத்துக்கோ. விட்டேன்.

ரோகெலியோ: சிப்புக் குவியல் எல்லிஸுக்கு.

டார்லீன்: இப்பக் கேட்டுக்கோ. நான் தூக்கிப் போட்டது ராணி ஜோடிடா! வயிறு எரியுது. மிச்ச சிப்ப வச்சு ஒரு காபி கூட குடிக்க முடியாது. மறுபடியும் ரெண்டாவது டார்லீன்தான்... ஆஸ்தானே? சொல்லித் தொலை, மனசாவது ஆறட்டும்.

எல்லிஸ்: அக்கா... கோவப்படக் கூடாது.

டார்லீன்: ஐயோ, ஆஸ் இல்லியா? அடப்பாவி! அப்ப என்னதான்டா வச்சிருக்கே?

எல்லிஸ்: பாத்துட்டா எங்க பொய் சொல்ல வேண்டி வந்துடுமோன்னு... சீட்ட நான் இன்னும் திருப்பியே பாக்கலக்கா.