பாதிச் சுற்று

பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் விடைத்தாள் கட்டுகளோடு இரண்டு ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

“யக்கா, நேத்து எனக்கு மூச்சு எறைச்சுச்சு. சந்தோசத்துல அழுதுட்டேன்,” என்றார் இளையவர்.

“என்னட்டி சொல்லுத?”

“நுரையீரல் சீக்குல படுத்து, ஓட்டத்தை விட்டு ஒண்ணரை வருசமாச்சுல்லா? டாக்டர் இப்பதான் பைய ஓடலாம்னு சொன்னாவ. மைதானத்துல பாதிச் சுத்து ஓடுனேன். மூச்சு எறைச்சதும் பயந்துட்டேன். பழையபடி ஆக்சிஜன் வைக்கணுமோன்னு அங்கனயே உக்காந்துட்டேன்.”

“பொறவு?”

“கொஞ்ச நேரத்துல தன்னால அடங்கிட்டுக்கா. ஆசுபத்திரியில ஒருநாளும் அப்படி அடங்கலியே.”

பஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டியது. மூத்தவர் இளையவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு நானும் வாரேன். என்னால ஓட முடியாது. பக்கத்துல நிக்கேன்.”